பினாங்கில் திருநர்கள் நம்பிப் பேசக்கூடிய மனநல ஆலோசகரைக் கண்டறிவது எப்படி?

நீங்கள் திருநங்கையாகவோ, திருநம்பியாகவோ, ஆண், பெண் என்ற இரண்டிலுமே அடங்காதவராகவோ இருக்கலாம். மனசு சரியில்லை, யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றுகிறது. ஜார்ஜ் டவுனில் மனநல கிளினிக்குகளும் கவுன்சலிங் மையங்களும் இருக்கின்றன. ஆனாலும் போன் செய்யும் முன் ஒரு கேள்வி கையைத் தடுக்கிறது: 'இவங்க நான் சொல்றத கேப்பாங்களா, இல்ல என்னை மாத்தப் பார்ப்பாங்களா?'

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. மலேசியச் சட்டம் ஓர் ஆலோசகரின் படிப்பையும் பதிவையும் சரிபார்க்கிறது. பாலின அடையாளத்தை 'குணப்படுத்த' முயலக்கூடாது என்று அவரைத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. அதனால் அந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது.

இது நோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் திருநராக இருப்பது மனநலக் கோளாறுகளின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மருத்துவ உதவி தேவைப்படுவோருக்கு அது கிடைக்க வேண்டும் என்பதற்காக, பாலியல் நலம் தொடர்பான அத்தியாயத்தில் அது வைக்கப்பட்டுள்ளது.

அப்படியானால் ஆலோசகர் எதற்கு? தூக்கமின்மை, பதற்றம், வீட்டில் சண்டை, வேலை இடத்தில் கேலி என்று எல்லோருக்கும் வரும் பிரச்சினைகள் உங்களுக்கும் வரும். அவற்றோடு ஒதுக்கப்படும் வலியும் சேர்ந்துகொள்கிறது.

மலேசியாவில் நிலைமை என்ன?

இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம், 2011 முதல் 'முக்கய்யம்' என்ற முகாம்களை நடத்திவருகிறது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ் ஆகிய அமைப்புகள் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய முயற்சிகளை 'மாற்று சிகிச்சை' வகையைச் சேர்ந்தவை என்று விமர்சித்தது. முஸ்லிம்களுக்கு மட்டும் பொருந்தும் மாநில ஷரியா சட்டங்களில், ஓர் ஆண் பெண்ணைப் போல் உடை உடுத்துவது குற்றம். தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்கு இது கூடுதல் பயம். ஆனால் ஆலோசகரிடம் போய்ப் பேசுவது யாருக்கும் குற்றமல்ல.

பினாங்குக்கு இது தூரத்துச் செய்தியும் அல்ல. 2017 ஜூனில் இங்கே 18 வயது தமிழ் இளைஞர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மருத்துவமனையில் இறந்தார். 'பெண்ணைப் போல நடந்துகொள்கிறான்' என்று அவர் முன்பே கேலி செய்யப்பட்டதாகச் செய்திகள் வெளியாகின. அடுத்த ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து, திருநங்கை செயற்பாட்டாளர் நிஷா ஆயுப்பின் படம் அகற்றப்பட்டது. இப்படிப்பட்ட ஊரில் வளரும் ஒருவர், முன்பின் தெரியாத ஆலோசகரை உடனே நம்பத் தயங்குவது இயல்பு.

தமிழ்நாட்டில் என்ன மாறியது?

பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையை விட்டு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று முக்கியமான உத்தரவு பிறப்பித்தார். தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, அதற்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் ஆலோசனை அமர்வுக்குப் போனார். பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மருத்துவ ரீதியாக மாற்ற முயல்வதற்குத் தடை விதித்த அவர், மீறுவோரின் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கலாம் என்றார். 2022இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், 'மாற்று சிகிச்சை' அளிப்பதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

இதனால் அங்கே எல்லா மருத்துவரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் தவறு நடந்தால் புகார் செய்ய ஒரு பிடி கிடைத்தது. மலேசியாவில் இல்லாதது அந்தப் பிடிதான்.

யாரிடம் போவது?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவர். மருந்து எழுதித் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார். அவரது தொழில் 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் சட்டத்தின் கீழ் வருகிறது. கவுன்சிலர் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்று, தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் 'கே.பி., பி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால், பக்கத்து அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்து, பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். அதோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால் குடிமக்களுக்கு 5 ரிங்கிட்தான். பல்கலைக்கழக மாணவர் என்றால் வளாக ஆலோசனை மையத்தை முதலில் விசாரியுங்கள். அடையாள அட்டைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது சங்கடமாக இருந்தால், 'நம்பர் சொல்லிக் கூப்பிடுங்க' என்று கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

முதல் போனில் என்ன கேட்கலாம்?

உங்கள் முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. பெயரைக்கூடச் சொல்லாமல் இவற்றைக் கேட்கலாம்:

'திருநர்களுக்கு இதுக்கு முன்னாடி ஆலோசனை கொடுத்திருக்கீங்களா?'

'ஒருத்தரோட பாலின அடையாளத்தை மாத்த முடியும்னு நினைக்கிறீங்களா?'

'நான் சொல்ற பெயர்ல என்னைக் கூப்பிடுவீங்களா?'

'நான் பேசுறத யார்கிட்ட எல்லாம் சொல்வீங்க?'

இரண்டாவது கேள்விதான் முக்கியம். 'முடியாது, அது என் வேலையும் இல்லை' என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. 'அனுபவம் கம்மி, ஆனா கத்துக்கிறேன்' என்பவரையும் ஒதுக்கிவிட வேண்டாம். 'முதல்ல வாங்க, அப்புறம் பார்க்கலாம்' என்று நழுவினால் யோசியுங்கள். 'கோயிலுக்குப் போங்க, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்' என்றால் போனை வைத்துவிடலாம். நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

ரகசியம் காக்கப்படுமா?

காப்பது அவர்கள் கடமை. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தாலும், நீதிமன்றம் கேட்டாலும் விதிவிலக்கு உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பொதுவாகப் பெற்றோரின் சம்மதம் கேட்கப்படும். எதை வீட்டில் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்பதை முதல் நாளே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

தமிழில் பேச விரும்பினால் இன்னொரு சிக்கல்: நம் சமூகம் சின்னது. ஆலோசகரே உங்கள் அத்தைக்குத் தெரிந்தவராக இருக்கலாம். அப்படியானால் வேறு ஊரில் இருப்பவரிடம் ஆன்லைனில் பேசலாம். தமிழில் சொல் இல்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலில் 'திருநர்', 'பால் புதுமையர்' போன்ற மரியாதையான சொற்கள் உள்ளன. ஆலோசகருக்குத் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள். கற்றுக்கொள்கிறாரா என்பதும் ஒரு சோதனைதான்.

உடனடி உதவி வேண்டுமா?

தற்கொலை எண்ணம் இருந்தால் இந்தத் தேடல் முடியும்வரை காத்திருக்காதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. எனவே போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929.

ஓர் ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை. அடுத்தவரைத் தேடுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் உதவி கேட்டு வருபவரே ஆலோசகருக்குத் தேர்வு வைக்க வேண்டிய நிலை எத்தனை காலத்துக்கு என்ற கேள்விக்கு, மலேசியாவில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.