ஓனரா, கங்காணியா?

'புரொடக்ட் ஓனர்' என்ற பதவிப் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டாவது சொல்லை நம்பித்தான் எங்களில் பலர் ஏமாறப்போகிறோம். ஓனர் என்றால் உடைமைக்காரர். இந்த ஓனருக்கோ கம்பனியில் பங்கு கிடையாது, செய்கிற மென்பொருளில் உரிமை கிடையாது. பல இடங்களில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுகிற அதிகாரம்கூடக் கிடையாது.

கண்டிப் பக்கம் கலைப்பீட மாணவர்களைக் குறிவைத்து ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "கோடிங் தேவையில்ல, இங்கிலிஷும் பேச்சுத் திறமையும் இருந்தா போதும், ஐடிக்குள்ள போயிரலாம்." முதலில் பிசினஸ் அனலிஸ்ட், பிறகு புரொடக்ட் ஓனர். இரண்டு நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், லிங்க்ட்இன்னில் ஒரு படம். வேலை தேடிப் போகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. கலைப் பட்டதாரி என்றாலே அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிற ஆள் என்று ஊர் முடிவுகட்டி வைத்திருக்கும்போது வேறு கதவைத் தட்டுவது நல்லதுதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கிற கதிரை எப்படிப்பட்டது என்று கேட்காமல் போய் உட்காரக் கூடாது.

எங்கள் வாதம் இதுதான்: "வேண்டாம்" என்று சொல்ல அதிகாரம் இல்லாத புரொடக்ட் ஓனர், ஓனரே இல்லை. அந்த வேலைக்கு மலையகத்தில் ஏற்கனவே ஒரு பெயர் இருக்கிறது. கங்காணி.

முதலில் அந்தப் பதவியை உண்டாக்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். ஸ்கிரம் என்ற சொல் கண்டிக்காரருக்குப் புதிதில்லை. நித்தவலையில் றக்பி பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்துக்கு எட்டுப் பேர் தோள் கோர்த்துத் தள்ளுகிற அந்தத் தள்ளுமுள்ளுதான் ஸ்கிரம். 1986இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் தாக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். புதிய பொருட்களை உருவாக்குகிற நல்ல குழுக்கள் அஞ்சலோட்டம் மாதிரி வேலையைக் கைமாற்றிக்கொண்டு போவதில்லை, றக்பி அணி மாதிரி ஒன்றாக நகர்கின்றன என்றார்கள். அந்தப் பெயரை எடுத்துத்தான் 1990களில் ஜெஃப் சதர்லாந்தும் கென் ஷ்வேபரும் மென்பொருள் வேலைக்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய எஜைல் அறிக்கையிலும் இந்த இருவருடைய பெயர்கள் இருக்கின்றன.

இவர்கள் எழுதிய ஸ்கிரம் வழிகாட்டி முதலில் 2010இல் வந்தது, கடைசியாக 2020இல் திருத்தப்பட்டது. சில பக்கங்கள்தான், ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். அதன்படி புரொடக்ட் ஓனர் என்பவர் ஒரு தனி ஆள், கமிட்டி அல்ல. குழுவின் உழைப்பால் என்ன பயன் கிடைக்கிறது என்பதற்கு அவர் பொறுப்பு. எதைச் செய்வது, எதை முதலில் செய்வது என்ற பட்டியல், அதாவது பெக்லொக், அவர் கையில். வரிசையை மாற்ற வேண்டும் என்றால் முதலாளியானாலும் அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஸ்பிரின்ட் என்கிற வேலைச்சுற்றை இடையில் நிறுத்துகிற உரிமை அவருக்கு மட்டும்தான். அவருடைய முடிவை முழு நிறுவனமும் மதிக்காவிட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது என்பதும் அதே வழிகாட்டியில்தான் இருக்கிறது. அந்த இரண்டு நாள் வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டிய வரி அது.

இனி கங்காணிக்கு வருவோம். கோப்பிக் காலத்திலும் சரி, 1867இல் தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதற்குப் பிறகும் சரி, தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தவர் கங்காணி. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார், மலைக்குக் கூட்டி வந்தார், வேலை வாங்கினார். துரை பேசுவது தொழிலாளருக்குப் புரியாது, தொழிலாளர் பேசுவது துரைக்கு அரைகுறை. நடுவில் கங்காணி. வேலைக்கு இறங்கிய தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் 'பென்ஸ் காசு' கிடைத்தது. கடன் கணக்கு எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. கங்காணிகளில் நல்ல மனுசரும் இருந்திருக்கலாம், அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. எந்த மலையில் என்ன நடுவது, என்ன சம்பளம் என்பதெல்லாம் வேறு எங்கேயோ முடிவானது. கங்காணியின் வருமானம் தலை எண்ணிக்கையில் இருந்தது, அந்தத் தலைகளுக்குள் என்ன ஓடுகிறது என்பதில் இல்லை.

இப்போது நம் மென்பொருள் நிறுவனங்களைப் பாருங்கள். இங்கே நடக்கிற வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு. எதைச் செய்வது என்று முடிவெடுக்கிற ஆள் லண்டனிலோ ஸ்டொக்ஹோமிலோ இருப்பார். இங்கே இருப்பவரைப் 'புரொக்சி புரொடக்ட் ஓனர்' என்பார்கள், பதிலாள். இரவு வந்த மின்னஞ்சலைக் காலையில் ஜிராவில் டிக்கெட்டாகப் பிரித்துப் போடுவார். "இது எதுக்கு? யாருக்கு?" என்று ஒரு டெவலப்பர் கேட்டால், பதில் தயார்: "கிளையன்ட் கேட்டாங்க." அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளச் சொல்லி யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

இந்தக் கதிரையில் இருப்பவர் கையில் ஸ்கிரமின் ஒவ்வொரு சடங்கும் தோட்டத்துப் பழக்கமாக மாறிவிடுகிறது. தினசரி ஸ்டேண்ட்-அப் என்பது டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் 15 நிமிடம். அதிகாரமில்லாத ஓனர் அதைப் பிரட்டுக்களம் ஆக்கிவிடுவார். ஆள் கணக்கெடுப்பு, வேலைப் பங்கீடு, நேற்று முடிக்காதவருக்கு ஒரு பார்வை. ஸ்டோரி பொயின்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு தனக்குள் போட்டுக்கொள்ளும் உத்தேசக் கணக்கு. அதை ஆளுக்கு ஆள் எண்ணி, இவர் எட்டு எடுத்தார், அவர் ஐந்துதான் எடுத்தார் என்று மேலே அனுப்பத் தொடங்கினால், அது கிலோ குறைந்தவருக்கு அரைப்பேர் போடுகிற செக்ரோல் கணக்கு. பெயர் மட்டும் இங்கிலிஷ்.

"ஏசி அறையில் இருந்து மடிக்கணினி தட்டுகிறவரையும் மழையில் அட்டைக் கடியோடு கொழுந்து எடுக்கிற அம்மாவையும் ஒரே தராசில் வைக்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. கஷ்டம் ஒன்றல்ல, சம்பளம் ஒன்றல்ல, அவமானமும் ஒன்றல்ல. நாங்கள் ஒப்பிடுவது நடுவில் நிற்கிறவரின் இடத்தைத்தான். தீர்மானம் தூரத்தில், உழைப்பு இங்கே, இடையில் கேள்வி கேட்காமல் கடத்துகிற ஒரு ஆள். அந்த ஏற்பாடு என்ன செய்யும் என்பதை இந்த மலைகளைவிட நன்றாக அறிந்த இடம் குறைவு. அதனால்தான் இந்தச் சொல்லை எடுக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறோம்.

சரி, அதனால் யாருக்கு நட்டம்? டீமில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதானே? அப்படியில்லை. நட்டப்படுகிறவர் அந்த அறையிலேயே இல்லாத ஆள், பாவிக்கிறவர்.

அமெரிக்க அரசு 2013 ஒக்டோபர் 1 அன்று மருத்துவக் காப்புறுதிக்கென ஒரு இணையத்தளத்தைத் திறந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் அதில் வேலை செய்தன. முழுவதையும் பார்த்து "இன்னும் தயாரில்லை, திறக்காதீர்கள்" என்று சொல்லி நிறுத்தக்கூடிய ஒரு ஆள் இல்லை. முதல் நாளில் கடைசிவரை போய்ப் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர். அத்தனை பணம், அத்தனை பொறியியலாளர்கள், ஆறு பேர்.

இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க நம் நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காகக் கிடந்தோமே, அப்போது வந்த கியூஆர் முறை. அது ஒரே ஒரு கேள்வியை எடுத்தது: இந்த வாகனத்துக்கு இந்த வாரம் எவ்வளவு மிச்சம்? ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் கியூஆரை அச்செடுத்து லெமினேட் பண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள், அதுவும் வேலை செய்தது. மற்ற ஆசைகளையெல்லாம் தள்ளிவைத்து ஒன்றை மட்டும் முதலில் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இப்போது எங்கள் வீடுகளுக்கு வருவோம். ஒன்லைன் படிவங்களில் 'வீட்டு இலக்கம், வீதி' என்று ஒரு கட்டாயப் பெட்டி இருக்கும். கலஹாவிலும் புசல்லாவையிலும் லயன் காம்பராக்களில் இருக்கிற எத்தனையோ குடும்பங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கைமாறி எப்போதாவது கிடைக்கும். அந்தப் பெட்டியில் எதை எழுதுவது? இன்னொன்று பெயர். முதற் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. அப்பாவின் பெயரை முன்னால் வைத்து எழுதுகிற நமக்கு, அன்றிலிருந்து எல்லா எஸ்எம்எஸ்சும் அப்பாவின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். இவை புரோகிராமிங் பிழைகள் அல்ல. கொடுத்த டிக்கெட்டை டெவலப்பர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். ஹந்தானை லயத்துக்கு ஒருதரம் ஏறிப்போய், "இந்தப் படிவத்தை நிரப்பிக் காட்டுங்க அக்கா" என்று கேட்க வேண்டியவர் போகவில்லை. அது புரொடக்ட் ஓனரின் வேலை.

பிறகு தமிழ். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனால் பெக்லொக்கில் தமிழ் எங்கே இருக்கிறது? கடைசியில், 'மொழிபெயர்ப்பு' என்ற பெயரில், நேரம் மிஞ்சினால் செய்கிற வேலையாக. நேரம் மிஞ்சுவதில்லை. கடைசி நாளில் யாரோ இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழை ஒட்டிவிட்டு, மூன்று மொழியிலும் இருக்கிறது என்று அறிவித்துவிடுகிறார்கள். வரிசை என்பது அரசியல். எது மேலே, எது கீழே என்று முடிவெடுக்கிறவர் யார் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கிறார். "தமிழ்ப் பக்கத்தை ஒரு தமிழர் பாவித்துப் பார்க்கும்வரை இதை வெளியிட மாட்டோம்" என்று சொல்கிற ஒரு ஆள் வேண்டும். கங்காணியால் அதைச் சொல்ல முடியாது.

"வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையை இழக்கச் சொல்கிறீர்களா?" என்பார்கள். காசு கொடுக்கிறவர் சொல்வதுதான் சட்டம், நிஜ உலகம் இப்படித்தான் என்பார்கள். ஏற்கிறோம், எல்லாச் சண்டையும் ஜெயிக்காது. ஆனால் இல்லை என்று சொல்வதற்கும் அடிப்படை வேண்டும். பத்துப் பாவனையாளரோடு பேசி, அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தவருடைய 'இல்லை'யைத் தள்ளிவிடுவது கிளையன்டுக்கும் கஷ்டம். மின்னஞ்சலை மட்டும் வாசித்தவருக்கு அந்தப் பலம் கிடையாது. எதிர்ப்பக்கப் பள்ளமும் இருக்கிறது. யாரிடமும் கேட்காமல் தன் விருப்பத்தையே பட்டியலாக்கி, டெவலப்பருக்கு எப்படிச் செய்வது என்றும் பாடம் எடுக்கிறவர் கங்காணி இல்லை, துரை. எங்களுக்கு அவரும் வேண்டாம்.

கலைப்பீடத்துத் தோழர்களுக்கு ஒன்று. உங்களிடம் இருப்பது 'நல்ல கொமியூனிகேஷன்' மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமூகவியல்காரர் கள ஆய்வுக்குப் போய் முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர். புவியியல்காரருக்கு எந்த மலைக்குப் பாதை இல்லை என்று தெரியும். தமிழ் படித்தவருக்கு ஒரு சொல் எங்கே ஆளைத் துரத்தும் என்று தெரியும். ஓனர் வேலைக்குத் தேவையான சரக்கு இதுதான். அதைக் கங்காணி விலைக்கு விற்காதீர்கள்.

நேர்முகத் தேர்வில் சம்பளம் கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டியலின் வரிசையை மாற்ற யாருடைய அனுமதி வேண்டும்? இதைப் பாவிக்கிற ஆட்களை நான் எப்போது நேரில் சந்திப்பேன்? கடைசியாக இந்த நிறுவனத்தில் ஒரு புரொடக்ட் ஓனர் "வேண்டாம்" என்று சொன்னது எதற்கு, பிறகு என்ன நடந்தது?

மூன்றாவது கேள்விக்கு அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டால், உங்களுக்குப் போட்டிருப்பது எந்தக் கதிரை என்று தெரிந்துவிடும்.