பாக்கெட்டில் வராத புளிப்பு

தீபாவளிக்கு வந்திருந்த மகள், கோலாலம்பூர் திரும்பும்போது என் சமையலறை அலமாரியில் நான்கு தோம்யாம் பாக்கெட்டுகளை வைத்துவிட்டுப் போனாள். "அப்பா, தண்ணியைக் கொதிக்க வெச்சு, இதைப் பிழிஞ்சு விட்டு, மீனைப் போடுங்க. பத்து நிமிஷம்தான். எதுக்கு இந்த வயசுல கஷ்டப்படணும்?" என்றாள். அவள் அன்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடக் கணக்கு மட்டும் உறுத்தியது. மீன் வேக எப்படியும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாதே! பாக்கெட் எந்த நேரத்தை மிச்சம் பிடிக்கிறது?

போன மாதம் ஒன்றைப் பிரித்தேன். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எண்ணெய், உப்பு, சீனி எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. செராய் எங்கோ நடுவில், லிமாவ் பூருட் இலை கடைசியில். நானோ இரத்தக் கொதிப்புக்கு இரண்டு மாத்திரை விழுங்குகிறவன். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு தேக்கரண்டிகூட வராது. அதை ஒரே கிண்ணத்தில் கரைத்துக் குடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை; பாதியை மட்டும் போட்டேன்.

காரம் இருந்தது, புளிப்பும் இருந்தது. ஆனால் முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒரே மாதிரி. நாக்குக்கு வேலையே இல்லை.

மீன் போட்டுக் காய்ச்சும் புளிப்புக் கார சூப்புகளில் புளிப்பு ஒன்றல்ல என்பதுதான் விஷயம். வேகவேண்டிய புளிப்பு உண்டு, வேகக்கூடாத புளிப்பு உண்டு. பாக்கெட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறார். அதன் பிறகு நாம் என்ன செய்தாலும் பச்சை எலுமிச்சையின் வாசம் திரும்பி வராது.

இதை எனக்குக் காட்டியவர் ஹாட்யாயில் ஒரு தள்ளுவண்டிக்கார அம்மா. நான் ரயில்வேயில் இருந்த காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக் போகும் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறை கிடைத்தால் நண்பர்கள் சேர்ந்து ஹாட்யாய் வரை போய் வருவோம். நசுக்கிய செராய், லெங்குவாஸ் துண்டுகள், கிழித்த பூருட் இலை மூன்றும் தண்ணீரில் கொதிக்கும். கொடுவா மீன் துண்டுகளைப் போட்டால் ஏழெட்டு நிமிடம். பிறகு அந்த அம்மா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். எலுமிச்சைச் சாறும், இடித்த சில்லி பாடியும், கொஞ்சம் மீன் சாஸும் கிண்ணத்தில் தயாராக இருக்கும்; அதன் மேல் சூப்பை ஊற்றுவார். நாங்கள் குனிந்து முகர்ந்தாலே தும்மல் வரும். எலுமிச்சையைக் கொதிக்க விட்டால் வாசம் ஆவியோடு போய்விடும், கசப்புதான் மிஞ்சும். 2024-இல் இறால் போட்ட தோம்யாமை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாக்கெட்டையும் சேர்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆசாம் பெடாஸ் இதற்கு நேர் எதிர். அங்கே புளி முதலிலேயே இறங்கிக் கொதிக்க வேண்டும். 1983-இல் குவார்ட்டர்ஸுக்குக் குடி போனபோது பக்கத்து வீட்டு மக்சிக்தான் என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். காய்ந்த மிளகாய் விழுதை எண்ணெய் பிரியும் வரை வதக்கி, கரைத்த புளியை ஊற்றிக் கொதிக்கவிட்டு, கெசும் இலையும் பிளந்த புங்கா கந்தானும் போட்டு, வெண்டைக்காயும் மீனும் கடைசியில். இவள் முதல் முறை பழக்க தோஷத்தில் தேங்காய்ப் பாலை ஊற்றிவிட்டாள். மக்சிக் எட்டிப் பார்த்து, "இனி சூடா ஜாடி குலாய் லா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நம்மவர்கள் பலரிடம் இன்றும் இந்தக் குணம் உண்டு. புளிப்பு மீன் எதைப் பார்த்தாலும் ஒரு கரண்டி மசாலாத்தூள், ஒரு கிண்ணம் பால், ஒரு தாளிப்பு! மீன் குழம்பு வேண்டுமானால் மீன் குழம்பு வையுங்கள். அதற்கு ஈடு எது? ஆனால் இதை இதுவாக விடுங்கள்.

ஆசாம் கெப்பிங் பற்றியும் ஒரு வார்த்தை. கடைப் பொட்டலத்தில் அதைப் புளித்துண்டு என்று அச்சிட்டிருப்பதால் பலர் நம் புளியங்காயைத்தான் சீவிக் காயவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அது வேறு மரம், ஆசாம் கெலுகோர். கேரளத்தில் மீனுக்குப் போடும் குடம்புளிக்கு உறவு. நம் பினாங்கில் கெலுகோர் என்ற ஊருக்கும் அந்த மரத்தின் பெயர்தான். சூப்பைக் கலக்காமல் தெளிவாகவே புளிக்க வைக்கும். இரண்டு பேருக்கு இரண்டு துண்டு போதும். மறந்துபோய் நான்கு போட்டுவிட்டுப் பல் கூசியவன் நான்.

மனைவியின் கடைசி ஆறு மாதங்களைப் பற்றி இங்கே அதிகம் எழுதியதில்லை. வாய்க்கு எதுவும் பிடிக்காத காலம் அது. கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளைக் கவனித்துக்கொள்ள வந்த பிலிப்பீன்ஸ் பெண் ஒரு நாள் கொல்லைப்புறத்து பிளிம்பிங் மரத்தைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் காமியாஸ், சினிகாங்கில் போடுவோம் என்றாள். எட்டுப் பத்துக் காய், தக்காளி, வெங்காயம், முள்ளங்கி, இரண்டு பச்சை மிளகாய், ஒரு துண்டு மீன். எண்ணெயே கிடையாது, உப்பு ஒரு சிட்டிகை. நான் நம்பிக்கையில்லாமல்தான் கிண்ணத்தை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றாள். அந்த மூன்று வார்த்தையைக் கேட்டு எத்தனை வாரமாகியிருந்தது! அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் அதுதான். மரம் அதுவரை குப்பை போடும் மரம் என்றுதான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

வயதானால் நாக்கு மந்தமாகிறது. அதை எழுப்ப நாம் உப்பைக் கூட்டுகிறோம். புளிப்பும் காரமும் இருந்தால் அந்த உப்பில் பாதி தேவைப்படாது. எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. ஒன்று மட்டும் கவனம்: பிளிம்பிங்கில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடாமல் புளிக்கே போகலாம். மற்றவர்களும் பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்க வேண்டாம். கொழுப்பு கரையும் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்புவார்கள், நம்பாதீர்கள்.

இன்னொரு தவறு, என் தவறுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் காலை பதினோரு மணிக்கு மேல் பசாருக்குப் போய், பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கிடந்த கெம்போங் மீனை மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கினேன். கண் மங்கியிருந்தது. புளியைக் கொஞ்சம் தூக்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வாடை போயிற்று. அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, நெஞ்சு படபடத்து கிளினிக்குக்கு ஓடினேன். கெம்போங், சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடுமாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது என்றார் டாக்டர். புளிப்பு மீனின் கவிச்சியை அடக்கும். கெட்ட மீனை நல்ல மீனாக்காது. வாடையை மறைத்துவிடுவதால் ஒரு வகையில் ஆபத்தும்கூட. ஏழு மணிக்கே பசாருக்குப் போக முடியாத நாளில் நான் மீன் வாங்குவதில்லை.

அந்த மாதிரி நாளில் டின் மத்தி. ஆமாம், எழுதிவிட்டேன். பாக்கெட்டைத் திட்டிவிட்டு டின்னைத் தூக்குகிறாரே என்று சிரிப்பீர்கள். சாஸைக் கழுவிவிட்டு மீனை உதிர்த்து, ஆசாம் கெப்பிங், கெசும், புங்கா கந்தான் போட்டுக் கொதிக்கவைத்து, லக்சா மீயின் மேல் ஊற்றி, வெள்ளரியும் அன்னாசியும் புதினாவும் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள். ஆயர் ஈத்தாம் பசார் ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிட்ட லக்சாவுக்கு ஈடாகாது, சரி. ஆனால் புளிப்பும் வாசமும் உங்கள் கையால் வந்தவை. டின் மீனைத்தான் கொடுக்கிறது, ருசியை நீங்கள் போடுகிறீர்கள். பாக்கெட்டில் அது தலைகீழ்.

சட்டியைப் பொறுத்தவரை எவர்சில்வரோ மண்சட்டியோ போதும். பழைய அலுமினியச் சட்டியில் மட்டும் புளியைக் கொதிக்க விடாதீர்கள்.

நேற்று மகள் தொலைபேசியில் அழைத்தாள். மூன்று பாக்கெட் அப்படியே இருப்பதைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவுக்குச் செய்வாங்களே அந்த அக்கா, அந்த சூப்புல தக்காளி முதல்லயா, காய் முதல்லயா?" என்று கேட்டாள். தக்காளி முதலில், காய் பிறகு, மீன் கடைசியில் என்றேன். மரத்தில் இப்போது நிறையக் காய்த்திருக்கிறது. அடுத்த வாரம் பஸ்ஸில் வருகிற பேரனிடம் ஒரு பை கொடுத்தனுப்ப வேண்டும்.