சீனா விற்கும் நாடு மட்டுமல்ல

உரக்கடையிலும் கமிஷன் மண்டியிலும் சீனாவின் பெயர் அடிபடாத வாரமில்லை. டிஏபி வரத்துக் குறைந்தால் சீனா காரணம் என்கிறார்கள். வற்றல் மிளகாய் விலை ஏறினால் சீனா வாங்குகிறது என்கிறார்கள். இப்பேச்சில் உண்மையும் உண்டு, தவறான எண்ணங்களும் உண்டு. விவசாயிகளிடம் அதிகம் புழங்கும் தவறான எண்ணங்கள் மூன்று. சீனா எல்லாவற்றையும் தானே விளைவித்து மலிவாக உலகின் தலையில் கட்டுகிறது என்பது ஒன்று. அங்கே எல்லாம் ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைகள் என்பது இரண்டாவது. இறக்குமதி வரி போட்டால் அதை எதிர் நாட்டுக்காரன் கட்டுவான் என்பது மூன்றாவது. எந்தப் பயிரை வைப்பது, எந்த உரத்தை நம்புவது என்று முடிவு செய்பவர்கள் நீங்கள். அதனால் இந்த மூன்றையும் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

உலகின் பெரிய வாடிக்கையாளர்

நெல், கோதுமை இரண்டின் உற்பத்தியிலும் சீனா உலகின் முதல் இரண்டு இடங்களுக்குள் இருக்கிறது. பூண்டு உற்பத்தியிலும் ஏற்றுமதியிலும் அதுவே முதலிடம். ஆனாலும் வேளாண் பொருட்களில் அந்நாடு 2004 முதல் விற்பதைவிட அதிகமாக வாங்குகிறது. உலக மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அங்கே வாழ்கிறார். உலகின் சாகுபடி நிலத்தில் அதன் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

சோயா மொச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் விளைவது ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன். இறக்குமதி செய்வதோ சுமார் 10 கோடி டன். உலகச் சந்தைக்கு வரும் சோயாவில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாட்டுக்கே போகிறது. இருக்கும் நிலத்தை நெல்லுக்கும் கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் ஒதுக்கிவிட்டு, பன்றிக்கும் கோழிக்கும் வேண்டிய தீவனப் புண்ணாக்குக்கான சோயாவை வெளியில் வாங்குவது அவர்கள் கணக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் 'சீன பிளாஸ்டிக் அரிசி' என்ற வதந்தி நம் ஊர்களையும் கலக்கியது. பிளாஸ்டிக் மூலப்பொருள் ஒரு கிலோவின் விலை சாதாரண அரிசியின் விலையைவிட அதிகம். விலை கூடிய பொருளை விலை குறைந்த பொருளில் கலந்து விற்று எவரும் லாபம் பார்க்க முடியாது. இந்த ஒரு கணக்கே அந்த வதந்திக்குப் பதில்.

அங்கும் சிறு விவசாயிதான்

சீனாவின் 2016-ம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி அங்கு 20 கோடிக்கும் அதிகமான விவசாயக் குடும்பங்கள் உள்ளன. ஒரு குடும்பத்தின் பங்கு சராசரியாக இரண்டு ஏக்கரைத் தொடுவதில்லை. நிலம் கிராமக் கூட்டமைப்புக்குச் சொந்தம். குடும்பங்கள் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் சாகுபடி செய்கின்றன. அறுவடைக் காலத்தில் இயந்திரங்கள் ஊர் ஊராக வாடகைக்கு வருகின்றன. நம் நெல் வயல்களில் நடப்பதும் இதுவே.

அந்த விவசாயியைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் அரசு விட்டுவிடவில்லை. விவசாய வரியை 2006-ல் அடியோடு நீக்கியது. நெல்லுக்கு 2004 முதலும் கோதுமைக்கு 2006 முதலும் குறைந்தபட்சக் கொள்முதல் விலை அறிவிக்கிறது. இந்த ஆதரவு அனுமதித்த அளவை மீறிவிட்டது என்று அமெரிக்கா தொடுத்த வழக்கில், உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு 2019-ல் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆக, அங்கும் சிறு விவசாயியே பயிர் செய்கிறார். அவருக்குப் பின்னால் அரசின் கொள்முதலும் மானியமும் நிற்கின்றன.

வரியை யார் கட்டுகிறார்கள்?

இறக்குமதி வரியைச் சுங்கத்தில் கட்டுபவர் பொருளை வாங்கும் வியாபாரி. விற்கும் நாடு கட்டுவதில்லை. அந்தச் சுமை பிறகு விலை வழியாக நுகர்வோருக்கோ, விளைவித்தவருக்கோ போய்ச் சேரும்.

2018 ஜூலையில் அமெரிக்கா சீனப் பொருட்கள் மீது கூடுதல் வரி போட்டது. பதிலுக்குச் சீனா அமெரிக்க சோயா மீது 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. சீன எண்ணெய் ஆலைகள் பிரேசில் பக்கம் திரும்பின. 2017-ல் சுமார் 1,200 கோடி டாலராக இருந்த அமெரிக்காவின் சோயா விற்பனை, 2018-ல் சுமார் 310 கோடி டாலராகச் சரிந்தது. விளைச்சல் குறையவில்லை, தரமும் கெடவில்லை. ஆனாலும் விலை விழுந்து, சோயா கிடங்குகளில் தங்கியது. அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் 2,000 கோடி டாலருக்கு மேல் உதவித்தொகை தர வேண்டியிருந்தது. 2025 அறுவடையின்போது மீண்டும் அதே நிலை. சீனாவின் ஆர்டர் வராமல் காத்திருந்து, அக்டோபர் இறுதியில்தான் இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்தன.

வாங்குபவர் கையை மடக்கினால்

ஒரே வாடிக்கையாளரை நம்பியவர்கள் பட்ட பாட்டுக்குத் தைவான் அன்னாசி இன்னொரு சான்று. தைவான் ஏற்றுமதி செய்த அன்னாசியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாவுப்பூச்சி இருப்பதாகக் கூறி, 2021 மார்ச் 1 முதல் சீனா அதை நிறுத்தியது. அறுவடை நெருங்கும் நேரம் அது. உள்ளூர் மக்களும் ஜப்பானும் கூடுதலாக வாங்கியதால் விவசாயிகள் ஓரளவு தப்பினர்.

ஆஸ்திரேலிய பார்லிக்கும் 2020 மே மாதம் 80.5 சதவீத வரி விழுந்தது. 2023 ஆகஸ்டில்தான் அது நீங்கியது. இடையில் அந்த விவசாயிகள் சவூதி அரேபியா உள்ளிட்ட வேறு சந்தைகளைத் தேடிப் போனார்கள். பார்லி கெடாமல் இருப்பு வைக்கக்கூடிய தானியம் என்பதால் அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. அழுகும் பழத்துக்கும் காய்க்கும் அந்த அவகாசம் இல்லை.

உரம் நின்றபோது

வாங்குவதைப் போலவே விற்பதையும் சீனா தன் தேவையை முன்வைத்தே முடிவு செய்கிறது. 2021 அக்டோபரில் யூரியா, பாஸ்பேட் உள்ளிட்ட உரங்களின் ஏற்றுமதிக்குக் கட்டாயப் பரிசோதனை கொண்டுவந்தது. ஏற்றுமதி சுருங்கியது. உள்நாட்டில் உர விலை ஏறி, தன் விவசாயிகளைப் பாதிக்கக் கூடாது என்பதே நோக்கம். அதன் பிறகும் டிஏபி ஏற்றுமதிக்கான கட்டுப்பாடு இறுகுவதும் தளர்வதுமாக இருக்கிறது. டிஏபி தேவையில் பெரும்பகுதியை வெளியில் வாங்கும் நம் நாட்டுக்கு அந்த அடி நேராக விழுந்தது. சொட்டுநீர்ப் பாசனத்தில் விடும், நீரில் கரையும் உரங்களிலும் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது.

இதைப் பகை என்று மட்டும் பார்க்க வேண்டாம். நாமும் இதைச் செய்திருக்கிறோம். 2021-22-ல் நம் குருணை அரிசியை அதிகம் வாங்கிய நாடு சீனா. தீவனத்துக்கும் நூடுல்ஸ் தயாரிப்புக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். 2022 செப்டம்பரில் உள்நாட்டுத் தேவையைக் காரணம் காட்டி, குருணை ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. 2025 மார்ச்சில்தான் தடை நீங்கியது. தன் வீட்டு அடுப்பைப் பார்த்த பிறகே எந்த நாடும் பிறருக்கு அளக்கிறது.

2024-25-ல் நாம் சீனாவிடம் வாங்கியது சுமார் 11,300 கோடி டாலர். விற்றது சுமார் 1,400 கோடி டாலர். இந்தப் பள்ளம் கவலைக்குரியதுதான். ஆனால் வாங்குவதில் மின்னணுப் பொருட்கள், இயந்திரங்களுடன் பூச்சிக்கொல்லிக்கான மூலப்பொருட்களும் அடங்கும். 'எதையும் வாங்காதே' என்று ஒரே நாளில் கதவடைத்தால் மருந்துக் கடையில் விலை ஏறும். விற்பதில் ஆமணக்கு எண்ணெயும் வற்றல் மிளகாயும் இருக்கின்றன. அந்தக் கதவு மூடினாலும் பாதிப்பு விவசாயிக்கே.

நாம் செய்ய வேண்டியது

'சீனா வாங்குகிறது' என்ற ஒரே சொல்லை நம்பிப் பரப்பைக் கூட்டாதீர்கள். உள்ளூரில் யார் வாங்குவார், எவ்வளவு நாள் இருப்பு வைக்கலாம் என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்த பிறகு விதையுங்கள். ஏற்றுமதியை நோக்கிப் பயிர் செய்பவர்கள் மருந்து அடித்த தேதி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பூச்சியும் நஞ்சு எச்சமும்தான் எந்த நாடும் சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்லும் முதல் காரணங்கள்.

டிஏபிக்கு மாற்று உண்டு. 50 கிலோ டிஏபி மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் உள்ளன. மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டில் 24 கிலோ மணிச்சத்து கிடைக்கிறது. அதனுடன் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்கின்றன. தழைச்சத்துக்கு 20 கிலோ யூரியா போதும். மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால், இந்த அளவையும் குறைக்கலாம். விரிவாக்க அலுவலர்கள் இக்கணக்கைப் பருவம் தொடங்கும் முன்பே ஊர்க் கூட்டத்தில் சொல்ல வேண்டும். டிஏபிக்கு வரிசை நிற்கத் தொடங்கிய பிறகு சொல்வதில் பயன் குறைவு.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். உரம் ஒரே நாட்டிலிருந்து வருவதைக் குறைக்கும் நீண்ட கால ஒப்பந்தங்கள் பல நாடுகளுடன் வேண்டும். விளைபொருள் ஏற்றுமதிக்குத் தடை போடும் முடிவு விதைப்புக்கு முன் தெரிய வேண்டும். அறுவடை செய்து களத்தில் கொட்டிய பிறகு வரும் தடை, விவசாயியின் ஓராண்டு உழைப்பைக் கரைத்துவிடும். சீனா நமக்காகத் தன் கொள்கையை மாற்றாது. தன் விவசாயிக்கு என்ன வேண்டும் என்று பார்த்து அது முடிவெடுக்கிறது. நம் அரசும் நம் விவசாயியைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.