தடைக்காலத்தில் ஒரு பகலுணவு

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருகுவதற்கான தடை அது. அந்நாள்களில் மீன் விலை ஏறுகிறது. ஆயினும் மீனோ கறியோ இல்லாத பகலுணவைக் குறையாக எண்ணி, கடன் சொல்லி வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இது தேவைதானா?

அதே பருவத்தில்தான் மாங்காயும் முருங்கைக்காயும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பருப்புடன் சேர்த்து ஆணம் காய்ச்சலாம். நம் ஊர்க் கருவாட்டுக் கடையில் வாங்கிய நெத்திலியைப் பொரித்துக்கொள்ளலாம். இறுதியில் ஒரு துண்டு கருப்பட்டி போதும். சமைப்பவருக்கு லுஹருக்கு முன்பே வேலை முடியும். சிறு கடைக்காரர் வீட்டிலும் உலை கொதிக்கும்.

உணவில் வீண்விரயத்தைத் திருக்குர்ஆன் (7:31) தடுக்கிறது. ஆணத்தில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். எளிய உணவைப் பரிமாற நாம் ஏன் நாண வேண்டும்? வரும் தடைக்காலத்தில் பருவம் தருவதையே சமைப்போம். அதில் ஒரு கிண்ணம் அண்டை வீட்டுக்கும் செல்லட்டும்.