ஏட்டளவில் பசுமை

மின்சாரம், ஆக்கிய நொடியிலேயே செலவாக வேண்டிய பொருள். நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைத்து, வேண்டும்போது அள்ளிக்கொள்ள இயலாது. மின்கலங்களில் சேமிக்கலாமெனினும், ஒரு நாட்டின் தேவையை நோக்க அது இன்றும் சிற்றளவே. இவ்வெளிய உண்மையை விட்டுச் சட்டம் செய்தால் விளைவது யாது என்பதை ஜெர்மனியில் காணலாம்.

நாம் கைபேசியில் காணும் படமும், வங்கியிலுள்ள கணக்கும், செயற்கை நுண்ணறிவு தரும் விடையும் தரவு மையங்களின் கணிப்பொறிகளிலிருந்தே வருகின்றன. அவற்றுக்கு இரவில்லை, விடுமுறையில்லை. இத்தகு மையங்கள் செறிந்த ஐரோப்பிய நகரங்களுள் பிராங்க்பர்ட் ஒன்று. ஜெர்மனி 2023இல் இயற்றிய ஆற்றல் திறன் சட்டம், பெரிய தரவு மையங்கள் தம் மின்தேவையில் 50 விழுக்காட்டை 2024 ஜனவரி முதலும், முழுவதையும் 2027 ஜனவரி முதலும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் நிறைவு செய்ய வேண்டுமென விதித்தது. துணிவான விதிதான். ஆனால் ‘கணக்களவில்’ நிறைவு செய்தால் போதும் என்று ஒரு சொல்லையும் சேர்த்தது. அச்சொல்லே ஓட்டை.

ஐரோப்பாவில், ஒரு மெகாவாட் மணி பசுமை மின்சாரம் ஆக்கியவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். மின்சாரத்தை ஒருவருக்கும் சான்றிதழை மற்றொருவருக்கும் அவர் விற்கலாம். ஐஸ்லாந்துத் தீவுக்கும் ஐரோப்பியப் பெருநிலத்துக்கும் இடையே மின்கம்பி ஏதுமில்லை. எனினும் அத்தீவின் சான்றிதழ்கள் பெருநிலத்தில் விலைபோயின! 2024 டிசம்பர் நடுவில் ஜெர்மனியில் காற்றடங்கி, வானமும் இருண்டு, மின்விலை வானளாவ உயர்ந்தபோது, கைகொடுத்தவை பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவுமே. அந்நாட்களிலும் தரவு மையங்கள் ஓடின. ஆண்டிறுதி ஏட்டில் அந்நாட்களுக்கும் சேர்த்தே பசுமை எழுதிக்கொள்ளலாம்.

மணிக்கு மணி கணக்குக் கேட்டால் செலவு மிகும், தொழில் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பர். செலவு மிகும் என்பது உண்மையே. ஆயின் பசுமை ஹைட்ரஜனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வகுத்த விதியோ, 2029 முடிய மாதக் கணக்கை ஏற்று, 2030 முதல் மணிக் கணக்கைக் கோருகிறது. ஹைட்ரஜன் ஆலைக்குப் பொருந்தும் அளவுகோல் கணிப்பொறிக் கூடத்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது? அதே ஜெர்மானியச் சட்டம், புதிய மையங்கள் தம் கழிவு வெப்பத்தில் ஒரு பங்கையேனும் பயன்படுத்த வேண்டுமென்றும் சொல்கிறது. என் நோக்கில் அதுவே சட்டத்தின் உறுதியான பகுதி. வெப்பத்தை ஏட்டில் மட்டும் காட்டுவது கடினமன்றோ?

நமக்கும் இதில் பாடமுண்டு. முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை விரைந்து சுழலும். தை, மாசியில் தளரும். சென்னையின் தரவு மையங்கள் ஆடியென்றும் தையென்றும் பாரா. தமிழக அரசு 2021இல் தரவு மையங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. அதனைத் திருத்தும் நாளில் ஆண்டு விழுக்காட்டோடு நில்லாமல், ஒவ்வொரு மையமும் எம்மணியில் எவ்வளவு மின்சாரம் எங்கிருந்து பெற்றது என்பதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப் பணித்தல் வேண்டும். அவ்வாறு வைத்தால், நம் கல்லூரிகளின் இயற்பியல், பொருளியல் மாணவர்களே அதனைச் சரிபார்த்துவிடுவர்.