துப்பாக்கி அலங்காரமாகும்போது...



கேசட் காலத்தில் உள்ளங்கை அளவு இருந்த பாட்டு அட்டைப்படம், இன்று செல்போனில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனாலும் பாட்டு காதில் விழும் முன்பே அது நம்மிடம் பேசிவிடுகிறது. ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவரின் அட்டைகள் என்ன பேசின என்று சற்றுச் சிந்திப்போம்.

அவர் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று, அங்கே கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். சிறிது காலம் நம் சென்னையிலும் வாழ்ந்தார். 1986-இல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பினார். ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவருடைய தந்தையை 'அருளர்' என்று அழைப்பர்.

2005-இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்கும் 'அருளர்' என்பதே பெயர். அட்டையில் அவருடைய முகம். சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் டாங்கிகளும் துப்பாக்கிகளும் குண்டுகளும். வன்முறையைப் போற்றுகிறார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர் அதை மறுத்தார். போரின் நடுவே வளர்ந்த குழந்தையின் கை பூக்களை மட்டுமா வரையும்? ஆனால் அந்த அட்டையைக் கடையில் வாங்கியவர்களுக்குத் துப்பாக்கி ஒரு புதுமையான கோலம், அவ்வளவுதான். ஒருவரின் காயம் மற்றவருக்கு அலங்காரமாகிவிடுகிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

2009 மே மாதம் இலங்கைப் போர் முடிந்தது. அடுத்த ஆண்டு வெளியான 'மாயா' தொகுப்பின் அட்டையில், யூடியூப் திரையின் கோடுகள் அவருடைய முகத்தை ஏறக்குறைய முழுவதும் மறைத்திருந்தன. முள்ளிவாய்க்காலையும் நாம் சின்னத் திரைகளில்தானே பார்த்தோம்? எத்தனையோ காட்சிகள் கண்டோம். எத்தனை முகங்களைக் கண்டோம்?

கிறிஸ்துவின் காட்சி தமக்குக் கிடைத்ததாகவும், அதனால் கிறிஸ்தவரானதாகவும் 2022-இல் அவர் கூறினார். அதைச் சொல்லி நாம் பெருமைப்படும் முன், நம் கழுத்தைப் பார்ப்போம். சிலுவையும் ஒரு கொலைக்கருவியே. தொடக்கக் கிறிஸ்தவர்கள் மீனையும் நல்ல ஆயனையும் வரைந்தார்கள். சிலுவையில் தொங்கும் ஆண்டவரை வரைந்தது மிக அரிது. அவர்கள் கண்முன்னே மனிதர் சிலுவையில் செத்துக்கொண்டிருந்தனர். நமக்கோ அது அரைப் பவுன் டாலர்! அடையாளம் பளபளக்கிறது, அதன் வலி மறந்துபோகிறது.

ஆகவே பெற்றோரே, துப்பாக்கி படம் போட்ட சட்டையோடு பிள்ளை வந்தால் உடனே திட்ட வேண்டாம். 'இது யாருடைய கதை, உனக்குத் தெரியுமா?' என்று கேளுங்கள். அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது என்றால், இருவரும் சேர்ந்து தேடலாம். வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கள்ளிக்குப்பத்துக்கு அருகே, புழல் காவாங்கரையில், ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல்லாண்டுகளாக வாழ்கின்றன. 2021-இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர்ப்பலகை மாறியதை அறிந்த நாம், அங்கே வாழும் ஒருவரின் பெயரையாவது அறிவோமா?

சிந்திப்போம்.