சங்கக் கணக்கும் அயலார் சாவியும்

பட்டுநூலும் சரிகையும் வைத்த அறையின் சாவியை அயலாரிடம் கொடுத்தனுப்ப நாம் ஒருப்படுவோமா? உறுப்பினரின் ஆதார் எண்ணும் கூலிக் கணக்கும் அடங்கிய கணினியை, அதனைப் பராமரிக்கும் வெளி நிறுவனத்தார் எவ்வூரிலிருந்தும் திறக்க விடுதல் அதனையே ஒக்கும்.

அமெரிக்காவின் டார்கெட் அங்காடி நிறுவனத்தில், 2013-இல், குளிர்சாதன ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைக் களவாடிப் புகுந்தோர் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களைக் கவர்ந்தனர்.

ஆகவே, திருப்பருத்திக்குன்றத்து அலுவலகத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் குறித்த இடத்திலிருந்தும் மட்டுமே கணக்கு திறக்குமாறு அமைத்தல் வேண்டும். இடத்தைப் பொய்யாகக் காட்ட வல்லோரும் உளர். எனவே கைப்பேசிக்கு வரும் மறைஎண்ணும் உடன் வேண்டும். பணி முடிந்த அன்றே அனுமதியும் முடிதல் வேண்டும்.

வெளியாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவருடையதே என்று 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. அடுத்த பொதுப்பேரவையில் இதனைத் தீர்மானமாக்குதல் நம் கடமையாம்.